டியூவோடு கைமாறிய ஜீப்

சும்மா செய்து தருகிறோம் என்று சொன்னால் மூணாறில் யாரும் நம்பமாட்டார்கள். காசு கேட்டால்தான் நம்புவார்கள். வங்கி வேலையின் கடைசி வருஷங்களில் எனக்குப் பெரிய தலைவலியாக இருந்தது இதுதான். எங்கள் வங்கியின் கடன் ஆலோசனை மையத்தின் வாசலில் 'இலவசம்' என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டியிருந்தோம். அதைப் படித்துவிட்டு, இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று படியிறங்கிப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த மையத்தில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் அனிதா போன வாரம் என்னைக் கூப்பிட்டாள். போனைத் திறந்தாலே 'உங்கள் கிரெடிட் ஸ்கோரை ஏற்றித் தருகிறோம்' என்று விளம்பரம் வருகிறதாம். அதை நம்பிப் பணத்தையும் ஆதாரையும் கொடுத்து ஏமாந்த பிறகுதான் சனங்கள் இவளிடம் வருகிறார்களாம். "நீங்க எப்படிக்கா சமாளிச்சீங்க? புதுசா வர்றவங்களுக்குக் காட்டணும், கொஞ்சம் எழுதிக் குடுங்க" என்றாள்.

சமாளித்தேன் என்று இவளிடம் யார் சொன்னது? நான் பயந்து செத்தேன். அதை வேண்டுமானால் எழுதுகிறேன்.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரி. வேலைக் காலத்தில் பெரும்பகுதி பாலக்காட்டுக் கிளைகளில் கேஷ் கவுண்டரில் கழிந்தது. நோட்டு எண்ணுகிற கைக்கு மனுஷர் முகத்தைப் பார்க்க நேரம் இருக்காது. அப்படிப்பட்டவளை ஒருநாள் ஒரு பயிற்சிக்கு அனுப்பி, பெரிய திரையில் படம் படமாகக் காட்டி, கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்து, மூணாறு மையத்தில் கடன் ஆலோசகர் என்று தூக்கிப் போட்டார்கள். அந்தப் பயிற்சியில் சொன்னதில் பாதி அன்றைக்கே மறந்துபோனது.

மையம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கடைத்தெரு மாடியில் ஒரே அறை. சன்னலைத் திறந்தால் பஸ் புகை, மூடினால் ஈர வாடை. அதற்குப் பொறுப்பாளர் நாராயணன் சார், கல்பாத்திக்காரர். வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தது அவர்தான். கற்றுக்கொடுத்தார் என்றால் உட்கார்த்தி வைத்துப் பாடம் நடத்தவில்லை. அவர் செய்வார், நான் பார்ப்பேன், தப்புச் செய்தால் ஒரு முறை முறைப்பார். அந்த முறைப்புக்கு நான் பாலக்காட்டு ஆடிட்டர்களைவிட அதிகமாகப் பயந்தேன்.

அவருக்குச் சில பழக்கங்கள் உண்டு. யாரையும் நிற்க வைத்துப் பேசமாட்டார். வந்தவர் கதவருகே தயங்கினால் இவரே எழுந்து போய், "வாங்கோ, மொதல்ல உக்காருங்கோ" என்று கூட்டி வருவார். எவ்வளவு கடன் என்று முதலில் கேட்கமாட்டார். என்ன வேலை, எந்த எஸ்டேட், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று ஆரம்பிப்பார். பிறகு கணினியில் கிரெடிட் அறிக்கையை எடுப்போம். கடன் வரலாற்றைத் தொகுக்கிற ஒவ்வொரு நிறுவனமும் வருஷத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். அது பாதிப் பேருக்கு இன்றைக்கும் தெரியாது. அறிக்கையை எடுக்க வந்தவருடைய போனுக்கு ஓடிபி வரும். அந்த நேரம் சார் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு சன்னலைப் பார்க்கத் திரும்பிவிடுவார். எண்ணை வந்தவரே பார்த்து அவரே தட்ட வேண்டும். கண் தெரியாத கிழவியாக இருந்தாலும் கூட வந்தவர்தான் தட்ட வேண்டும், நாங்கள் போனைத் தொடக்கூடாது.

"ஒரு தடவை நாம தொட்டுட்டா, நாளைக்கு எவன் கேட்டாலும் குடுப்பா. அதுக்காக்கும்" என்பார்.

அறிக்கை வந்ததும் திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைப்பார். கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கிற ஸ்கோர் எண்ணைக் காகிதத்தால் மறைத்துவிட்டுக் கீழே இருக்கிற கடன்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்வார். எண்ணை முதலில் பார்த்தால் பயத்தில் மற்றது எதுவும் காதில் ஏறாது என்பது அவர் கணக்கு. தப்பாக ஏறியிருந்தால் இலவசமாகப் புகார் போட்டுத் திருத்தலாம். உண்மையாக இருந்தால் கட்டித்தான் தீர்க்க வேண்டும். உண்மையாக இருப்பதை அழித்துத் தருகிறேன் என்று எவன் சொன்னாலும் அவன் திருடன். எங்கள் வேலை மொத்தமும் இவ்வளவுதான்.

இனி அந்தோணி கதைக்கு வருகிறேன்.

அந்தோணி சின்னக்கானல் பக்கத்து எஸ்டேட்காரர். ஜீப் ஓட்டி முதுகு போய், டீ பாக்டரியில் வாட்ச்மேனாக இருந்தார். மனைவி ரோஸ்லின் கொழுந்து எடுக்கிறவர். மகள் ஸ்டெல்லாவுக்குப் பெங்களூரில் நர்சிங் சீட்டு கிடைத்திருந்தது. கல்விக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனபோது, அப்பாவின் ஸ்கோர் மோசம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாத முடிவுக்குள் பணம் கட்டாவிட்டால் சீட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். கோயில் சிஸ்டர் ஒருவர் சொல்லி எங்களிடம் வந்தார்கள். ஆனால் வரும்போதே இன்னொருவனிடமும் மாட்டிக்கொண்டுதான் வந்தார்கள்.

உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அந்தோணியின் போன் அடித்தது. அவர் முகம் வெளுத்தது. கட் செய்தார். மறுபடி அடித்தது.

"யாருங்க அது?" என்றேன்.

"ஸ்கோரு ஏத்தித் தர்றவரு மேடம். பாதிப் பணம் இன்னைக்கே வேணுங்காரு. குடுக்காட்டி உள்ளதும் இறங்கிரும்னு சொல்லுதாரு."

"ஆதார் குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"ஓடிபி?"

அந்தோணி மனைவியைப் பார்த்தார். ரோஸ்லின் தரையைப் பார்த்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். சார் மட்டும் அசையவில்லை. "எடுத்துப் பேசுங்கோ. ஸ்பீக்கர்ல போடுங்கோ" என்றார்.

அந்தக் குரல் மலையாளமும் தமிழுமாகக் குழைந்து குழைந்து பேசியது. ஜீப் லோன் ஒன்று குடிசிகா நிற்கிறது, அதாவது பாக்கி நிற்கிறது, அதை உள்ளே ஆள் வைத்து அழித்துவிடலாம் என்றது. சார் தன் பேரையும் வங்கியையும் சொல்லி, "எந்த ஆபீஸ், எந்த ஆள், அதச் சொல்லுங்கோ" என்று கேட்டதும் போன் அணைந்தது. அப்போதே அந்தோணியைக் கொண்டே பாஸ்வேர்டுகளை மாற்ற வைத்தோம், சைபர் போலீஸ் எண்ணுக்குப் புகார் சொல்ல வைத்தோம். அவர் ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு தடவை தட்டினார்.

பிறகுதான் அறிக்கையை எடுத்தோம். அந்த ஆள் சொன்ன ஜீப் லோன் அதில் இருந்தது. ஒரு தனியார் பைனான்ஸ் கம்பெனியில் வாங்கியது, பல மாதத் தவணை கட்டவில்லை.

"இது முடிஞ்சுபோன விஷயமில்லா மேடம்?" என்றார் அந்தோணி. அவர் முகத்தில் பொய் இல்லை. "வண்டியே நம்ம கையில இல்லையே. மச்சானுக்குக் குடுத்தாச்சே."

"எப்படிக் குடுத்தீங்க?"

"டியூவோட."

இது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது, சொல்லிவிடுகிறேன். டியூ என்றால் கட்ட வேண்டிய தவணை. அந்த மலையில் ஜீப் என்பது பிழைப்பு. கடன் முடியாத ஜீப்பை விற்க வேண்டுமென்றால் பைனான்ஸ் கம்பெனியிடம் போய், வாங்குகிறவர் பேரில் கடனை மாற்ற வேண்டும். வாங்குகிறவருக்கு அவர்கள் கடன் தரமாட்டார்கள். அதனால் ஜீப் ஸ்டாண்டில் எல்லோரும் வேறொன்று செய்வார்கள். டீக்கடையில் நாலு பேரை வைத்துக்கொண்டு டீ குடித்துச் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். 'இனி டியூ நீ கட்டிக்கோ' என்றால் வியாபாரம் முடிந்தது. கடனும் ஆர்.சி. புத்தகமும் பழைய ஆள் பேரிலேயே கிடக்கும். சில ஜீப் அப்படியே மூன்று நாலு கை மாறி ஓடும். அந்தோணி தன் ஜீப்பை ரோஸ்லினின் தம்பி சேவியருக்கு அப்படித்தான் கொடுத்திருந்தார். பைனான்ஸ்காரர்கள் பாக்கி கேட்டுக் கூப்பிட்டிருப்பார்கள், ஆனால் கடன் வாங்கியபோது கொடுத்த பழைய எண்ணை இவர் எப்போதோ விட்டுவிட்டார்.

நான் தவணைப் பாக்கியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன். சார் குறுக்கே புகுந்து, "அந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கா?" என்றார்.

யாருக்கும் தெரியவில்லை. ஜீப் நம்பரை வாங்கி நானே பார்த்தேன். இன்ஷூரன்ஸ் எப்போதோ முடிந்திருந்தது. உரிமையாளர் என்று அந்தோணி பேர் இருந்தது.

"இப்ப ஜீப் எங்க ஓடறது?"

"மேல வியூ பாயிண்டுக்கு டூரிஸ்ட் ஏத்துதான் சார்" என்றார் ரோஸ்லின் மெதுவாக.

அந்தப் பாதையை நான் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். ஒருபக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. ஜீப் போகப்போக உள்ளே இருப்பவர்கள் சிரிப்பார்கள், கத்துவார்கள். நான் இறங்கும்வரை கண்ணைத் திறக்கவில்லை.

சார் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்தார். அவர் குரல் இறங்கினால் விஷயம் பெரிது என்று எனக்குத் தெரியும். "அந்தோணி, ஸ்கோர் கெடக்கட்டும். அந்த வண்டி ஒரு தடவை உருண்டுதுன்னா, நஷ்டஈடு கேட்டு உங்க வீட்டுக்குத்தான் நோட்டீஸ் வரும். கேஸும் உங்க பேர்லதான். ஓட்டினவன் மச்சான்னு சொன்னா கோர்ட்டுல கேக்க மாட்டா. பேர் மாத்தாத வண்டி உங்க வண்டிதான்."

சன்னல் கண்ணாடியில் மழை விழ ஆரம்பித்தது. அந்த மழையைப் பார்த்ததும் எங்கள் நாலு பேருக்கும் ஒரே நினைப்புத்தான் வந்திருக்கும்.

"போன் போடுங்க உங்க தம்பிக்கு" என்றேன் ரோஸ்லினிடம்.

"என் தம்பியக் காட்டிக் குடுக்கச் சொல்லுதீகளா மேடம்? எங்கம்மா போன பொறவு நான்தான் அவன இடுப்புல தூக்கி வச்சு வளத்தேன்." கோபமாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது அழுதுவிட்டார். அழுதுகொண்டேதான் போனையும் போட்டார். சேவியர் எடுக்கவில்லை. இன்னொரு தடவையும் எடுக்கவில்லை. மேலே டவர் கிடைக்காது என்றார் அந்தோணி. அப்படியென்றால் மேலேதான் இருக்கிறான், மழையில்.

நாங்கள் யார் வீட்டுக்கும் போகக்கூடாது, வாடிக்கையாளர் விவகாரத்தில் வெளியே தலையிடக்கூடாது. அது மையத்தின் விதி. சார் என்னைப் பார்த்தார். "சாந்தாமணி, நீங்க லீவு எழுதிக் குடுங்கோ. பக்கத்தாத்து மனுஷியாப் போயிட்டு வாங்கோ" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டு அவர்கள் இரண்டு பேரோடும் பஸ் ஏறினேன்.

அவர்கள் ஊர் ஜீப் ஸ்டாண்டில் போய் நின்றபோது மூடுபனி இறங்கிவிட்டது. மேலே போன ஜீப்புகள் ஒவ்வொன்றாக விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தன. ஒவ்வொரு விளக்கு தெரியும்போதும் ரோஸ்லின் ரோட்டில் இறங்கி நம்பரைப் பார்ப்பார், திரும்பி வந்து என் பக்கத்தில் நிற்பார். அந்தோணி டீக்கடைப் பலகையில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பலகையில் உட்கார்ந்துதான் சாவியைக் கொடுத்தாராம்.

வந்த ஒரு டிரைவர் கண்ணாடியை இறக்கி, "மேல வளைவுல ஒரு வண்டி சறுக்கிருக்கு, யாரும் இப்பப் போவாதிய" என்று கத்திவிட்டுப் போனான்.

"யாரு வண்டி அது?" என்று அந்தோணி எழுந்து ஓடினார். அவன் காதில் விழவில்லை.

கேஷ் கவுண்டரில் எத்தனையோ நாள் கணக்கு இடித்திருக்கிறது, பயந்திருக்கிறேன். அதெல்லாம் ஒரு பயமா? ரோஸ்லின் என் கையைப் பிடித்தார். கொழுந்து எடுத்துக் காய்த்த கை, நெருக்கிப் பிடித்ததில் என் வளையல் அழுந்தி வலித்தது. "மாதாவே, மாதாவே" என்று அவர் உதடு மட்டும் ஓடியது. ஸ்டெல்லா, சீட்டு, லோன், எதுவும் அப்போது எங்கள் நினைவில் இல்லை. எத்தனை பேர் அதில் உட்கார்ந்திருப்பார்கள், அதில் குழந்தைகள் இருப்பார்களா என்றுதான் எனக்கு ஓடியது.

கடைசியாக ஒரு விளக்கு வந்தது. ஒரு கண் மட்டும் எரிகிற விளக்கு. அந்தோணிதான் முதலில் அடையாளம் கண்டார். "நம்ம வண்டி" என்றார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஜீப் நிறைய ஆட்கள். உள்ளே இடமில்லாமல் பின்னால் இரண்டு பேர் தொங்கிக்கொண்டு வந்தார்கள். சறுக்கியது வேறு ஒருவருடைய ஜீப்பாம். யாருக்கும் அடியில்லை. சேவியர் கயிறு கட்டி அதை இழுத்துப் போட்டுவிட்டு, அதில் வந்த சனங்களையும் தன் ஜீப்பிலேயே ஏற்றி இறக்கிக்கொண்டு வந்திருக்கிறான். செய்தது நல்ல காரியம். ஆனால் மழையில், அந்தப் பாதையில், இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியில், இரண்டு வண்டிச் சனம்! ஒரு பெண் தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி, சேவியருக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனாள்.

கடைசி ஆள் இறங்கும்வரை ரோஸ்லின் காத்திருந்தார். பிறகு போய் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியை உருவினார்.

"என்னக்கா பண்ணுத?"

"டியூ கட்டுனியால?"

சேவியர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குனிந்தான்.

"இன்ஷூரன்ஸு?"

"மழையில ரோட்ட அடச்சுட்டாகக்கா. மாசக்கணக்கா ஓட்டமே இல்ல. தொறந்ததும் கட்டிரலாம்னு..."

"அத ஏம்ல எங்கிட்டச் சொல்லல?"

"பயமா இருந்துச்சு" என்றான். நல்ல உயரமான ஆள், மீசை வைத்தவன். ஸ்டாண்டே பார்த்துக்கொண்டிருந்தது. "எல்லாரு முன்னாலயும் வச்சு இப்படிச் சாவியப் புடுங்குதியே, மானத்த வாங்கிட்டியேக்கா."

"போலே. உன் மானத்துக்காவ எம் புருசன் செயிலுக்குப் போவணுமோ?" சாவியை அந்தோணி கையில் வைத்தார். "இனி எம் மூஞ்சில முழிக்காத" என்று சொல்லிவிட்டு நடந்தார். பஸ் நிறுத்தத்தில் எனக்கு மூணாறு பஸ் வரும்வரை என்னிடமும் பேசவில்லை.

ஜீப்பை எஸ்டேட் ஷெட்டில் நிறுத்தினார்கள். இன்னொரு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பைனான்ஸ் ஆபீஸுக்கு நானும் அந்தோணியும் போனோம். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். கொஞ்சம் குறைத்துக் கட்டுங்கள், செட்டில்மென்ட் போட்டு முடித்துக்கொள்ளலாம் என்றார். அந்தோணிக்கு முகம் மலர்ந்தது. வெளியே வந்து சாரைக் கூப்பிட்டேன்.

"வேண்டவே வேண்டாம். செட்டில்டுன்னு எழுதிட்டா பாதி கட்டி ஏமாத்தினவன்னு அர்த்தமாக்கும். வருஷக்கணக்கா அது போகாது. முழுசாக் கட்டி குளோஸ்டுன்னு எழுதச் சொல்லுங்கோ, பாக்கி இல்லைன்னு நோ டியூ லெட்டரும் வாங்கிக்கோங்கோ" என்றார். அந்தக் கம்பெனியின் சம்மதத்தோடே ஜீப்பை வாங்க ஒரு ஆளைப் பிடித்து, வந்த விலையில் கடனை முழுசாக அடைத்து, பேரை மாற்றி விற்கலாம் என்று ஏற்பாடானது.

ஆனால் அதெல்லாம் நடந்து, அறிக்கையில் ஏறி, ஸ்கோர் உயர மாதக்கணக்காகும். சீட்டுக்கு அவ்வளவு நாள் இல்லை. அதை அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்து வந்தபோது சார்தான் சொன்னார். சொல்லிவிட்டு ரோஸ்லின் பக்கம் திரும்பினார்.

"லோனுக்கு அப்பாதான் கையெழுத்துப் போடணும்னு இல்லை. அம்மாவும் போடலாம். உங்களோட அறிக்கையைப் பாத்துடலாமா?"

ரோஸ்லின் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "எனக்கு ஏது சார் அதெல்லாம்? வேண்டாம் சார்." சாவியை உருவியவர்தான், இதற்குப் பயந்தார். காரணம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. லயத்தில், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில், பெண்கள் குழுவாகக் கடன் எடுப்பார்கள், ஒருத்திக்கு மற்றவர்கள் எல்லோரும் ஜாமீன். கூப்பிட்ட இடத்தில் எல்லாம் போய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறார். "எங்கெங்க போட்டேன்னு எனக்கே தெரியாது மேடம். அவரு பேரும் போச்சு. எம் பேரும் அதுல கெட்டுக் கெடந்துச்சுன்னா பிள்ளைக்கு நான் என்ன சொல்லுவேன்? பாக்காம இருந்தா நல்ல பேரு இன்னும் இருக்குன்னாவது நெனச்சுக்கிடலாம்."

நான் அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். "என்னங்க, ஜீப்பு வருமான்னு நின்னதவிடவா இது பெருசு?" என்றேன்.

ரோஸ்லின் போனை எடுத்தார். ஓடிபி வந்தது. சார் கையைக் கட்டிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினார். நானும் திரும்பிக்கொண்டேன். பின்னால் ரோஸ்லின் ஒவ்வொரு எண்ணாகத் தட்டுகிற சத்தம் கேட்டது.

திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தோம். கீழே இருந்த கடன்களை அவரே வாசித்தார். எல்லாம் குழுக் கடன். தையல் மெஷினுக்கு, ஸ்டெல்லாவின் பள்ளிக்கு, கூரைக்கு. ஒன்றில்கூடத் தவணை தப்பவில்லை. சார் காகிதத்தை எடுத்து எண்ணைக் காட்டினார். வங்கி மேனேஜர்களே பொறாமைப்படுகிற எண்.

"இது நானா மேடம்?" என்றார் ரோஸ்லின்.

அந்தோணி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். சார் வழக்கம்போல, "மத்தப் பேப்பரெல்லாம் எடுத்துண்டு வந்திருக்கேளா?" என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததை நான் பார்த்தேன். அம்மா கையெழுத்தில் லோன் கிடைத்தது. கடைசி நேரத்தில்தான் பணம் போய்ச் சேர்ந்தது. ஸ்டெல்லா பெங்களூர் பஸ் ஏறினாள்.

அடுத்த வருஷம் நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ரோஸ்லின் மாடியேறி வந்தார். கூட லயத்துப் பெண்கள் ஐந்தாறு பேர், எல்லோரும் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு. "வருசத்துக்கு ஒரு மட்டம் சும்மாதானே மேடம்? பாக்கப் பயப்படுதாளுவ, நான்தான் இழுத்துட்டு வந்தேன்" என்றார். ஒவ்வொருத்தியாக உட்கார வைத்துப் பார்த்து முடித்தோம். எல்லோரும் இறங்கிப் போனபிறகும் ரோஸ்லின் போகவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க?"

"சேவியரு வந்திருக்கான். வேற வண்டி வாங்கணுமாம், அவன் பேர்லயே, முறைப்படி. வெளிய படியில உக்காந்திருக்கான்." அன்றைக்கு ஸ்டாண்டில் விட்டபிறகு தம்பியிடம் அவர் பேசவே இல்லை என்று எனக்குத் தெரியும். "உள்ள வரப் பயப்படுதான் மேடம். நானா கூப்பிட மாட்டேன். நீங்க கூப்பிடுங்க."

சார் எழப் போனார். நான் முந்திக்கொண்டு வெளியே போனேன். மீசைக்காரன் படியில் குறுகி உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"வாங்க தம்பி, மொதல்ல வந்து உக்காருங்க" என்றேன். "உங்க அக்கா உள்ளதான் இருக்காங்க."

அவன் உள்ளே வந்தபோது ரோஸ்லின் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டது அவர்தான்.